கணக்கில் ஏறிய பணமும் கைக்கு வராத வேலையும்

1. கேள்வி

நம் ஊர் வங்கிக் கவுன்டரில் தினமும் காதில் விழும் கேள்வி இது: "சார், செக் பாஸ் ஆயிடுச்சா?" ஆகவில்லை என்றால், "கலெக்‌ஷனுக்குப் போயிருக்கு, நாளைக்கு வாங்க" என்பது பதில். பாஸ் ஆனால்தான் பணம் கணக்கில் ஏறும். ஏறிவிட்டால் அது நம் பணம், அதற்குமேல் பேச்சில்லை. மூன்று தலைமுறையாக நமக்குப் பழகிய வரிசை இது. காசோலையை நேரில் அனுப்பாமல் அதன் படத்தை மட்டும் அனுப்பும் முறை 2008-இல் டெல்லியிலும் 2011-இல் சென்னையிலும் வந்தபோதும் வரிசை மாறவில்லை. 2025 அக்டோபர் 4 முதல் சில மணி நேரத்திலேயே காசோலையைத் தீர்க்கும் முறையை ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. வேகம் கூடியிருக்கிறது. முதலில் பாஸ், பிறகு பணம் என்பது அப்படியேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் இந்த வரிசை தலைகீழ். அங்கே பணம் முதலில் கணக்கில் ஏறிவிடும். காசோலை செல்லுமா செல்லாதா என்பது பிறகே தெரியும். இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகளாக ஒரு மோசடி நடந்து வருகிறது. வேலை தேடும் ஒருவருக்கு வேலை தருவதாகச் சொல்லி, சம்பளத்தோடு கூடுதலாக ஒரு தொகைக்குக் காசோலை அனுப்பி, கூடுதல் தொகையை இன்னொருவருக்கு அனுப்பச் சொல்வது அதன் வடிவம். வேலையும் பொய், காசோலையும் பொய். அனுப்பிய பணம் மட்டும் உண்மை.

இப்படிப் பணத்தை இழந்தவர்களைப் பற்றி நம்மிடம் இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, பேராசை பெருநஷ்டம். மற்றொன்று, விவரம் தெரியாதவர்கள் ஏமாறுகிறார்கள் என்பது. காவல்துறையின் விழிப்புணர்வுச் சுவரொட்டி முதல் வீட்டுத் திண்ணைப் பேச்சு வரை இவ்விரண்டுமே புழங்குகின்றன. இந்த விளக்கங்கள் சான்றுகளுக்கு முன் நிற்கின்றனவா என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

2. ஒரு காசோலையின் மூன்று நாள்

அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ., கல்லூரி மாணவர்களைக் குறிவைக்கும் வேலை மோசடி பற்றி 2017 ஜனவரியில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதில் சொல்லப்பட்ட படிமுறையை ஒட்டி ஒரு மாதிரியை அமைத்துப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக நான் இட்டவை.

முதுகலை படிக்கும் மாணவரின் பல்கலைக்கழக அஞ்சலுக்கு ஒரு கடிதம் வருகிறது. பேராசிரியர் ஒருவருக்கு உதவியாளர் தேவை, வாரம் ஏழு மணி நேரம், 350 டாலர். அனுப்பியவரின் முகவரியும் அதே பல்கலைக்கழகத்துடையது, ஏனென்றால் அது வேறொரு மாணவரிடமிருந்து களவாடிய கணக்கு. நேர்முகம் குறுஞ்செய்தியிலேயே முடிந்துவிடுகிறது. பேராசிரியர் வெளிநாட்டில் கருத்தரங்கில் இருக்கிறாராம். சில நாளில் விரைவுத் தபாலில் கெட்டி உறை ஒன்று வருகிறது. உள்ளே 2,450 டாலருக்கு ஒரு காசோலை. நல்ல தாள், நீர்க்குறி, அடியில் எண்வரிசை, உண்மையான ஒரு வங்கியின் பெயர். "உங்கள் முதல் வாரச் சம்பளம் 350-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மீதி 2,100-ஐ அலுவலகச் சாதனங்கள் தரும் விற்பனையாளருக்கு அனுப்பிவிடுங்கள்" என்று செய்தி.

மாணவர் திங்கட்கிழமை கிளைக்குப் போய்க் காசோலையைப் போடுகிறார். செவ்வாயன்று 275 டாலர் எடுக்கலாம் என்று கணக்கு காட்டுகிறது. புதன்கிழமை முழுத்தொகையும் தெரிகிறது. இதற்கிடையில் 'பேராசிரியர்' நாலைந்து முறை கேட்டுவிட்டார்: பணம் ஏறிவிட்டதா, விற்பனையாளர் காத்திருக்கிறார், இன்றே அனுப்பினால் நல்லது. மாணவர் அவசரப்படவில்லை. கணக்கைத் திறந்து பார்க்கிறார். பணம் இருக்கிறது. கைபேசிச் செயலி வழியே 2,100 டாலரை அனுப்புகிறார். அடுத்த வாரம் காசோலை திரும்புகிறது. வங்கி 2,450 டாலரையும் அவர் கணக்கிலிருந்து கழிக்கிறது. கணக்கில் அவ்வளவு இல்லாததால் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. காசோலை திரும்பியதற்கான கட்டணமும் அவர் தலையில்தான்.

இந்தக் கதையில் அந்த மாணவர் சோதிக்காமல் விட்டது என்ன? அஞ்சல் முகவரியைப் பார்த்தார். காசோலையைப் பார்த்தார். பணம் வந்த பிறகே அனுப்பினார். நம் வீட்டில் பிள்ளைகளுக்கு எந்த எச்சரிக்கையைச் சொல்லி அனுப்புவோமோ, அதை அவர் அப்படியே கடைப்பிடித்திருக்கிறார்.

3. நல்ல சட்டம் விட்ட இடைவெளி

பணம் ஏன் முதலில் ஏறுகிறது? 1987-க்கு முன் அமெரிக்க வங்கிகள் வாடிக்கையாளரின் காசோலைப் பணத்தை நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் நிறுத்திவைத்தன. கூலிக் காசோலையை நம்பி வாடகை கட்டும் குடும்பத்துக்கு இது பெரிய இடி. மக்கள் குறைகூறியதன் விளைவாக அந்நாட்டு நாடாளுமன்றம் 1987-இல், போட்ட பணம் எத்தனை நாளுக்குள் எடுக்கத்தக்கதாக வேண்டும் என்று வரையறுக்கும் சட்டத்தை இயற்றியது. அதன் விதிகளை ஃபெடரல் ரிசர்வ் 1988-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவ்விதிகளுக்கு 'ரெகுலேஷன் சிசி' என்று பெயர். சாதாரணக் காசோலையில் முதல் 275 டாலர் அடுத்த வேலைநாளில், மீதி பொதுவாக இரண்டாவது வேலைநாளில் கிடைக்க வேண்டும். 2025 ஜூலைக்கு முன் இந்தத் தொகை 225 டாலர். வங்கியே தன் பொறுப்பில் எழுதித் தரும் 'கேஷியர்ஸ் செக்' வகையை நேரில் போட்டால் அடுத்த வேலைநாளே பணம் எடுக்கலாம். மோசடிக்காரர்கள் அந்த வகைக் காசோலையைப் போலியாக அச்சிடுவதில் ஆர்வம் காட்டுவது இதனால்தான்.

பெரிய தொகைக்கு விதிவிலக்கு உண்டு. ஒரே நாளில் 6,725 டாலருக்கு மேல் போட்டால் மிகுதியை வங்கி கூடுதல் நாள் நிறுத்தலாம். வேலை மோசடியில் வரும் காசோலைகள் பெரும்பாலும் இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் அளவில் இருப்பதற்கு இந்த எல்லையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இன்னொரு பக்கம், அந்நாட்டின் வணிகச் சட்டத் தொகுப்பு, காசோலை திரும்பினால் வாடிக்கையாளர் கணக்கில் ஏற்றிய தொகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையை வங்கிக்குத் தருகிறது. வாடிக்கையாளர் அதைச் செலவழித்துவிட்டார் என்பதால் அந்த உரிமை போய்விடாது. ஆக, 'எடுக்கலாம்' என்று ஒரு சட்டம் சொல்கிறது. 'உன்னுடையதா என்பது பிறகு' என்று இன்னொரு சட்டம் சொல்கிறது. இரண்டும் தனித்தனியே நியாயமானவை. இரண்டுக்கும் நடுவில் வாடிக்கையாளரின் கண்ணில் படுவதோ ஒரே ஓர் எண். போலி என்று தெரிய வாரங்கள் ஆகலாம் என்று அந்நாட்டு நுகர்வோர் காப்பு அமைப்பான கூட்டாட்சி வணிக ஆணையம் எச்சரிக்கிறது. உண்மையான நிறுவனம் ஒன்றின் கணக்கு எண்ணைத் திருடி அச்சிட்ட காசோலை என்றால், அந்த நிறுவனம் தன் கணக்கைச் சரிபார்த்துப் புகார் செய்யும்வரை யாருக்கும் சந்தேகம் வராது.

அதற்காக அந்தச் சட்டத்தையே திரும்பப் பெற்றுவிடலாமா? கூடாது என்பேன். ஏழையின் கூலியை வங்கி பிடித்து வைத்துக்கொண்ட காலத்துக்குத் திரும்புவது தீர்வாகாது. திரையில் அந்தத் தொகையை எப்படிக் காட்டுவது என்பதில்தான் தீர்வின் தொடக்கம் இருக்கிறது. 'இது முன்பணம், காசோலை இன்னும் பாஸ் ஆகவில்லை' என்று ஒரு வரி சேர்ப்பது எந்த வங்கிக்கும் பெரிய செலவில்லை. கவுன்டரில் இருப்பவர், 'கிளியர் ஆகிவிட்டதா' என்ற கேள்விக்கு, எடுக்கலாம் என்ற பொருளில் 'ஆமாம்' என்று சொல்லிவிடுகிறார். கேட்டவர் அதைத் தீர்ந்துவிட்டது என்ற பொருளில் எடுத்துக்கொள்கிறார். ஒரு சொல்லின் இரண்டு பொருளுக்கு நடுவே இரண்டாயிரம் டாலர் போய்விடுகிறது.

4. பேராசை என்ற விளக்கம்

2019-ஆம் ஆண்டின் போலிக் காசோலைப் புகார்களைக் கூட்டாட்சி வணிக ஆணையம் ஆராய்ந்தது. 27,000-க்கும் மேற்பட்ட புகார்கள், 28 மில்லியன் டாலருக்கு மேல் இழப்பு. இழந்தவர்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவர் இழந்தது 1,988 டாலர். பணம் இழந்ததாகப் புகார் செய்யும் வாய்ப்பு, முப்பதைத் தாண்டியவர்களைவிட இருபதுகளில் இருப்பவர்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. முதியவர்கள்தாம் ஏமாறுவார்கள் என்ற எண்ணத்துக்கு இது எதிரான சான்று. வேலை மோசடிகள் மொத்தத்தில் 2020-இல் 90 மில்லியன் டாலரை விழுங்கின. 2024-இல் அது 501 மில்லியன். புகார் செய்தவர்களின் கணக்கு மட்டுமே இது என்பதை மறக்கக் கூடாது.

வாரம் 350 டாலர் சம்பளத்துக்குச் சம்மதித்தவரிடம் பேராசையைத் தேடினால் கிடைக்குமா? அவரிடம் இருப்பது தேவை. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். வெளிநாட்டு மாணவர்களில் அவர்களே அதிகம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள், பலர் வீட்டை அடகு வைத்துக் கடன் வாங்கிப் போனவர்கள். எஃப்-1 விசாவில் இருப்பவர் படிக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். வெளியே வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும். படிப்பு முடிந்து பயிற்சி அனுமதி பெற்றவர் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருந்தால் விசா நிலைக்கே ஆபத்து. எண்பதாவது நாளில் ஒருவருக்கு வேலை தருவதாகக் கடிதம் வந்தால், அவர் அதை எந்த மனநிலையில் வாசிப்பார் என்று நினைத்துப் பாருங்கள். பல்கலைக்கழகப் பேராசிரியரிடம் வேலை என்று வரும் கடிதம் வளாக வேலை போலவே தோன்றுவதும் தற்செயலாகத் தெரியவில்லை.

இதில் ஒரு கொடுமையும் சேர்ந்துகொள்கிறது. அனுமதியில்லாத வேலைக்குச் சம்மதித்துவிட்டோமோ என்ற பயத்தில் ஏமாந்த மாணவர் புகாரே செய்யாமல் இருந்துவிடலாம். வீட்டுக்கும் சொல்ல மாட்டார். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார் என்ற கவலையில் பகுதிநேர வேலையைக் கூட்டி அந்தக் கடனை ரகசியமாக அடைப்பார்.

விவரமறியாமை என்ற இரண்டாவது விளக்கமும் இங்கே தடுமாறுகிறது. நம்மூர்ப் பழக்கத்தில் ஊறிய ஒருவர், கணக்கில் ஏறினால் பாஸ் ஆகிவிட்டது என்று நம்புவது அறியாமையா? இந்தியாவில் அது சரியான அறிவு. நாடு மாறியதும் அதே அறிவு பள்ளமாகிவிடுகிறது.

5. காசோலை இல்லாத இடத்தில்

இந்தியாவில் காசோலை வழி அடைபட்டிருப்பதால் மோசடி வேறு வழியில் நடக்கிறது. யூடியூப் காணொளிக்கு லைக் போட்டால் 50 ரூபாய், ஓட்டலுக்கு மதிப்பெண் இட்டால் 100 ரூபாய் என்று டெலிகிராமில் தொடங்கும் 'பகுதிநேர வேலை'. முதல் நாள் உண்மையாகவே 150 ரூபாய் கணக்கில் விழும். அந்த 150 ரூபாயின் வேலை, அமெரிக்க மாணவரின் கணக்கில் தெரிந்த 2,450 டாலரின் வேலைதான். சோதித்துப் பார்ப்பவருக்குச் சோதனையில் வெற்றியைத் தருகிறது. அடுத்து 'முன்பணம் கட்டும் டாஸ்க்'. ஒரு வலைத்தளத்தில் உங்கள் பெயரில் லட்சக்கணக்கில் இருப்பு காட்டும், எடுக்கப் போனால் வரி கட்டு, கட்டணம் கட்டு என்று இழுக்கும். இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட தளங்களை 2023 டிசம்பரில் உள்துறையின் பரிந்துரைப்படி மத்திய அரசு முடக்கியது. அமெரிக்காவிலும் இதே வகை பரவிவிட்டது. 2020-இல் ஒரு புகார்கூட இல்லாத இடத்தில் 2024-இன் முதல் பாதியில் மட்டும் ஏறத்தாழ 20,000 புகார்கள்.

இதைவிட ஆபத்தான ஒரு வகை, 'உங்கள் கணக்கில் வரும் பணத்தை வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள், கமிஷன் உங்களுக்கு' என்பது. இதில் சேருபவர் பணத்தை இழப்பதோடு நிற்பதில்லை. வேறு யாரிடமோ திருடிய பணம் அவர் கணக்கு வழியே போயிருக்கும். கணக்கு முடக்கப்படும், காவல்துறை தேடி வரும். ஏமாந்தவரே குற்றவாளி ஆகிவிடுவார்.

நேரடி வேலை மோசடியில் சோதனை என்பதே எப்படிப் போலியாக்கப்படுகிறது என்பதற்கு 2022-இல் தலைநகரில் நடந்தது மறக்க முடியாத சான்று. தமிழ்நாட்டைச் சேர்ந்த குறைந்தது 28 பேர் அந்த ஆண்டு ஜூன், ஜூலையில் புது டெல்லி ரயில் நிலையத்தில் நின்றார்கள். பயணச்சீட்டுப் பரிசோதகர், போக்குவரத்து உதவியாளர், எழுத்தர் வேலைகளுக்குப் பயிற்சி என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. தினமும் எட்டு மணி நேரம், ஏறத்தாழ ஒரு மாதம், ஒவ்வொரு நடைமேடையாக நின்று எத்தனை ரயில் வந்தது, எத்தனை போனது, எத்தனை பெட்டி என்று எண்ணிக் குறித்தார்கள். ஆளுக்கு 2 லட்சம் முதல் 24 லட்சம் ரூபாய் வரை கொடுத்திருந்தார்கள், மொத்தம் 2.67 கோடி. டெல்லி காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. பெரும்பாலோர் பொறியியல் படித்தவர்கள் என்று செய்திகள் கூறின.

இங்கே சற்று நிற்க வேண்டும். இவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தது, சான்றிதழ் சரிபார்ப்பு நடந்தது, பயிற்சி நடந்தது. அரசு வேலையில் சேருபவர் கடக்கும் படிகள் எல்லாம் நடந்தன. நடைமேடை உண்மை, ரயில் உண்மை, ஜூன் மாத வெயில் உண்மை. லட்சக்கணக்கில் பணம் கொடுத்து அரசு வேலை வாங்க முயன்றது தவறு இல்லையா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தவறுதான், அதை மூடிமறைக்க முடியாது. ஆனால் பணம் கொடுத்தால்தான் வேலை என்ற நம்பிக்கையை அந்த இளைஞர்கள் தாங்களாகக் கற்பனை செய்துகொள்ளவில்லை. நம் சமூகம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அது.

வெளிநாட்டு வேலையிலும் கதை இதுவே, விளைவு மட்டும் இன்னும் கொடியது. தாய்லாந்தில் 'டிஜிட்டல் விற்பனை' வேலை என்று அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரில் அடைத்துவைத்து, மற்றவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்யவைத்த கும்பல்கள் பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் எச்சரித்தது. அவ்வாறு சிக்கியவர்களில் தமிழர்களும் இருந்தார்கள்.

6. இழப்பு யாருடையது

அமெரிக்கக் காசோலையிலும் இந்திய யுபிஐயிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. பணத்தை அனுப்பியது வாடிக்கையாளரே. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை, வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடந்த மின்னணுத் திருட்டை மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தால் அவர் இழப்பைச் சுமக்க வேண்டாம் என்கிறது. தானே அனுப்பியவருக்கு அந்த நிழல் இல்லை. 'நீதானே அனுப்பினாய்' என்ற ஒரு வாக்கியத்தில் கோப்பு மூடப்படுகிறது. 2024-இல் இணையக் குற்றங்களில் இந்தியர்கள் இழந்ததாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன தொகை 22,845 கோடி ரூபாய்.

வேறு மாதிரியும் சாத்தியம் என்பதற்குப் பிரிட்டன் சான்று. ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் ஈடு செய்ய வேண்டும் என்ற விதி அங்கே 2024 அக்டோபர் 7 முதல் நடப்பில் இருக்கிறது. அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் அதைச் சரிபாதியாகச் சுமக்கின்றன. இப்படியானால் மக்கள் அசட்டையாகிவிடுவார்கள் என்று வங்கிகள் வாதிடலாம். அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் திருட்டுப் பணம் வந்து இறங்கும் கணக்கைத் திறந்து கொடுத்ததும் ஒரு வங்கிதான். இழப்பில் பங்கு இருந்தால்தான் அந்தக் கணக்கைத் திறக்கும்போதே அது உற்றுப்பார்க்கும். இந்தியாவுக்கு இந்த வழி பொருந்தும் என்றே கருதுகிறேன்.

7. எதைச் சோதிப்பது

இதுவரை பார்த்தவற்றிலிருந்து சோதனையின் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தெரிகிறது. காசோலையின் தாளையும் முத்திரையையும் கணக்கில் தெரியும் எண்ணையும் சோதித்துப் பயனில்லை, ஏனென்றால் அவற்றையே மோசடிக்காரர் தயாரித்திருக்கிறார், அல்லது வங்கி அவருக்காகத் தயாரித்துத் தந்திருக்கிறது. பணம் எந்தத் திசையில் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். வேலை கொடுப்பவர் தொழிலாளியின் கணக்கு வழியே மூன்றாம் ஆளுக்குப் பணம் அனுப்ப வேண்டிய தேவை எந்தத் தொழிலிலும் இல்லை. கூடுதலாக அனுப்பிவிட்டோம், மீதியைத் திருப்பு என்று கேட்டால் அங்கேயே நின்றுவிடலாம். கிஃப்ட் கார்டு வாங்கி அதன் எண்ணைச் சொல்லச் சொன்னால் சந்தேகத்துக்கே இடமில்லை.

காசோலை வந்துவிட்டால், வங்கியில் 'எடுக்கலாமா' என்று கேட்காமல், 'இது இனித் திரும்ப வாய்ப்பிருக்கிறதா' என்று கேளுங்கள். காசோலையில் அச்சிட்ட தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, அந்த வங்கியின் எண்ணை நீங்களே தேடிப் பிடித்துப் பேசுங்கள். பேராசிரியர் பெயரில் கடிதம் வந்தால் துறை அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள், பத்து நிமிட வேலை. வெளிநாட்டு வேலை என்றால் முகவர் குடியேற்றச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற முகவரும் 30,000 ரூபாய்க்கும் அதற்கான வரிக்கும் மேல் சேவைக்கட்டணம் வாங்கக் கூடாது. ரயில்வே வேலை அறிவிப்பு, தேர்வு, முடிவு என்ற வழியில்தான் வரும். தேர்வே எழுதாமல் பயிற்சிக்கு அழைத்தால் அது வேலை இல்லை.

பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை பணத்தைப் பறிகொடுத்துவிட்டு வந்து நின்றால், 'எப்படி ஏமாந்தாய்' என்று கேட்கத்தான் வாய் வரும். அதைப் பிறகு கேட்கலாம். முதலில் 'எப்போது அனுப்பினாய்' என்று கேளுங்கள். அனுப்பிய பணம் அடுத்த கணக்கிலிருந்து எடுக்கப்படுவதற்குள் தடுக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வழியுண்டு. அமெரிக்காவில் என்றால் உடனே வங்கிக்கும், அடுத்துப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் சொல்லச் சொல்லுங்கள். இந்தியாவில் என்றால் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.